எஸ்.டி.யா, எச்.டி.யா: கூடுதல் பணம் எங்கே பலன் தரும், எங்கே தராது

டி.டி.எச். ரீசார்ஜ் செய்யும்போது, கேபிள்காரர் மாதக் கட்டணம் வாங்க வந்து நிற்கும்போது, ஓ.டி.டி. சந்தாவைப் புதுப்பிக்கும்போது, பீரோவில் கிடக்கும் கல்யாண வீடியோ கேசட்டை மாற்றித் தரச் சொல்லிக் கடையில் கொடுக்கும்போது என்று பல இடங்களில் ஒரே கேள்வி நம் முன்னால் வருகிறது: எஸ்.டி. (சாதாரணத் தெளிவு) போதுமா, எச்.டி. (கூடுதல் தெளிவு) வேண்டுமா? இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்களில் சிலர், கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாத இடத்தில் மாதாமாதம் எச்.டி.க்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு சிலர், எச்.டி. கட்டாயம் தேவைப்பட்ட இடத்தில் சிறிய தொகையை மிச்சம் பிடித்து, பிறகு எவ்வளவு கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காத ஒன்றை இழந்திருந்தார்கள். இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்க முடியும் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும், வயலுக்கு வரும் வாய்க்காலில் எந்த மதகு மிகக் குறுகலாக இருக்கிறதோ, அந்த மதகு விடும் தண்ணீர்தான் வயலுக்கு வந்து சேரும். வீடியோவும் அப்படித்தான். படம் எடுத்த கேமரா, ஒளிபரப்பு, வீட்டிலுள்ள பெட்டி, பெட்டியையும் டிவியையும் இணைக்கும் ஒயர், டிவியின் திரை, நாம் உட்காரும் தூரம் ஆகிய ஆறில் ஏதேனும் ஒன்று எஸ்.டி. அளவில் நின்றுவிட்டால், மற்ற ஐந்தும் எச்.டி.யாக இருந்து பயனில்லை.

வேறுபாடு எவ்வளவு?

இந்தியாவில் வழங்கிவந்த ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையின்படி எஸ்.டி. படம் என்பது 720×576 புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்டது; ஒரு கோட்டுக்கு 720 புள்ளிகளாக, மேலிருந்து கீழாக 576 கோடுகள். அதாவது ஒரு ஃபிரேமில் சுமார் 4.15 லட்சம் பிக்சல்கள். எச்.டி. என்ற பெயருக்குள் இரண்டு அளவுகள் அடங்கும். 1280×720 அளவில் சுமார் 9.2 லட்சம் பிக்சல்களும், முழு எச்.டி. எனப்படும் 1920×1080 அளவில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்களும் இருக்கின்றன. எனவே முழு எச்.டி. என்பது எஸ்.டி.யைப்போல ஐந்து மடங்கு. 2010ஆம் ஆண்டு டெல்லி காமன்வெல்த் போட்டிகளைத் தூர்தர்ஷன் எச்.டி.யில் ஒளிபரப்பியது, நம் வீடுகளுக்கு எச்.டி. மெல்ல மெல்ல வரத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது, பழைய நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசும்போது உதவும்.

ஐந்து மடங்கு என்ற கணக்கைத் தமிழ் வாசகர் ஒருவர் நேரில் காண விரும்பினால், செய்தி சேனலில் திரையின் அடியில் ஓடும் எழுத்து வரியைப் பார்த்தால் போதும். எஸ்.டி.யில் அந்த எழுத்துகளின் உயரம் இருபது முப்பது கோடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிக்கு இரண்டு மூன்று கோடுகள்தான் மிஞ்சுகின்றன. ஒளிபரப்புக்காகப் படத்தின் தரவைச் சுருக்குவதில் அதுவும் கரைந்துபோகும்போது ‘கல்’ என்பது ‘கல’ என்று நிற்கிறது. ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் இடையேயுள்ள ஒரு சுழி மங்கி, எந்த எழுத்து என்பதைச் சொல்லின் பொருளைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதே சேனலை எச்.டி.யில் வைத்தால் புள்ளி தனியாக, வட்டமாக நிற்கும். வயதானவர்கள் செய்தி வரியைப் படிக்கும் வீடுகளில் இந்த ஒரு காரணமே எச்.டி.க்கு மாறப் போதுமானது என்பது என் எண்ணம்.

எவற்றைக் கொண்டு தீர்மானிப்பது?

முதலில் பார்க்க வேண்டியது திரையின் அளவும் நாம் உட்காரும் தூரமும். இரண்டாவது, நாம் பார்க்கும் நிகழ்ச்சி முதலில் எந்தத் தரத்தில் எடுக்கப்பட்டது என்பது. மூன்றாவது, அந்தப் படத்துக்கு ஒளிபரப்புபவர் எவ்வளவு பிட் வேகம், அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு, ஒதுக்குகிறார் என்பது. நான்காவது, மாதக் கட்டணம், மொபைல் டேட்டா, சேமிப்பிடம் ஆகிய செலவுகள். ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைப் பலர் யோசிப்பதில்லை. இன்று எடுக்கும் முடிவைப் பின்னால் மாற்றிக்கொள்ள முடியுமா என்பதுதான் அது. சேனல் பேக்கை அடுத்த மாதமே மாற்றிக்கொள்ளலாம். பதிவு செய்துவிட்ட வீடியோவின் தரத்தை மாற்ற முடியாது.

தூரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் இதை யாரும் சொல்வதில்லை. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரையிலான நுணுக்கத்தைத்தான் பிரித்தறியும். அதற்கு மேல் தூரம் போனால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றாகிவிடும். இந்தக் கணக்கின்படி, ஒவ்வொரு தரத்தின் புள்ளிகளும் கண்ணுக்கு ஒன்றாகக் கலந்துவிடும் தூரத்தைக் கீழே தருகிறேன்.

| டிவி அளவு | எஸ்.டி. (576) | எச்.டி. (720) | முழு எச்.டி. (1080) |
|---|---|---|---|
| 32 அங்குலம் | சுமார் 8 அடி | சுமார் 6 அடி | சுமார் 4 அடி |
| 43 அங்குலம் | சுமார் 10½ அடி | சுமார் 8½ அடி | சுமார் 5½ அடி |
| 55 அங்குலம் | சுமார் 13½ அடி | சுமார் 10½ அடி | சுமார் 7 அடி |

அட்டவணையைப் படிக்கும் முறை இதுதான்: 32 அங்குல டிவியை எட்டு அடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்ப்பவருக்கு, நன்றாக அனுப்பப்பட்ட எஸ்.டி. படத்துக்கும் எச்.டி. படத்துக்கும் நுணுக்கத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. அதே ஹாலில் 55 அங்குல டிவியை மாட்டிவிட்டால், அதே எட்டு அடியில் எஸ்.டி. படம் குழைந்து தெரியும். ‘பழைய டிவியில் நன்றாகத்தானே தெரிந்தது, புது டிவி வாங்கியபின் ஏன் மங்கலாக இருக்கிறது’ என்று கேட்பவர்களுக்கான பதில் இதில் இருக்கிறது. டிவியில் குறை இல்லை. அதுவரை மறைந்திருந்த எஸ்.டி.யின் குறையைப் பெரிய திரை வெளியே காட்டுகிறது.

எஸ்.டி.: எங்கே போதும்?

எட்டடி தூரத்திலிருந்து பார்க்கப்படும் 32 அங்குலம் அல்லது அதற்கும் சிறிய டிவி, அதில் பெரும்பாலும் சீரியல், செய்தி, பட்டிமன்றம், பழைய பாடல்கள் என்று அமைந்த வீட்டுக்கு, செய்தி வரியைப் படிக்கும் வயதானவர்கள் இல்லையென்றால், எஸ்.டி. முற்றிலும் போதுமானது. சமையலறையிலோ படுக்கையறையிலோ இருக்கும் இரண்டாவது டிவிக்கும் அப்படியே. மாதச் சந்தா இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் இணைப்பில் வருபவை பெரும்பாலும் எஸ்.டி. சேனல்களே, சிறிய திரையில் அவற்றை மனநிறைவோடு பார்க்கலாம்.

2010க்கு முன் வீடியோ நாடாவில் எடுக்கப்பட்ட சீரியல்களையும் மேடை நிகழ்ச்சிகளையும் எச்.டி. சேனலில் பார்ப்பதால் புதிய நுணுக்கம் எதுவும் வந்துவிடாது. அவை எடுக்கப்பட்டபோதே 576 கோடுகள்தான். எச்.டி. சேனல் அவற்றைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. ஆனால் பழைய திரைப்படங்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை 35 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டவை, நல்ல நெகடிவ்வில் எச்.டி.யைவிடக் கூடுதலான நுணுக்கம் பதிந்திருக்கிறது. 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ படத்தை டிஜிட்டல் முறையில் புதுப்பித்து 2012இல் மீண்டும் பெரிய திரைகளில் வெளியிட முடிந்ததற்குக் காரணம் அதுதான். ஆகவே 1990களின் சீரியல் எச்.டி.யிலும் மங்கலாகவும், அதைவிட முப்பது ஆண்டுகள் பழைய படம் பளிச்சென்றும் தெரிவதில் முரண் ஏதும் இல்லை. அந்தப் பழைய படத்தையே பிலிமிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்யாமல், டிவிக்காக முன்பு எடுத்துவைத்த வீடியோ நாடாவிலிருந்து ஒளிபரப்பினால், அதுவும் எஸ்.டி.யாகத்தான் இருக்கும்.

மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்களுக்கு எஸ்.டி.யின் சிக்கனம் பெரிது. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடும் வீடியோ சுமார் 450 எம்.பி. டேட்டாவை எடுத்துக்கொள்ளும். ஒன்றரை மெகாபிட் எஸ்.டி. ஓட்டம் மணிக்கு முக்கால் ஜி.பி.க்கும் குறைவு, ஐந்து மெகாபிட் முழு எச்.டி. ஓட்டம் இரண்டேகால் ஜி.பி. தினமும் 2 ஜி.பி. தரும் பிளானில் இருப்பவருக்கு முதலாவதில் முழுநீளப் படத்தைப் பார்த்து முடிக்கலாம். இரண்டாவதில் இடைவேளைக்கு முன்பே டேட்டா தீர்ந்துவிடும். கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச்சில், இணைய நெரிசலைக் குறைப்பதற்காக இந்தியாவின் ஓ.டி.டி. நிறுவனங்கள் மொபைல் இணைப்பில் 480 கோடுகளுக்கு மேல் காட்டுவதில்லை என்று தாமாகவே முடிவு செய்தன. அந்த நாட்களில் கைப்பேசியில் படம் பார்த்தவர்கள் தம் அனுபவத்தை நினைத்துப் பார்த்தால், எது தமக்குப் போதும் என்பது அவர்களுக்கே தெரியும். என் கணக்கில், ஆறரை அங்குலக் கைப்பேசியை ஓர் அடி தூரத்தில் பிடித்துப் பார்ப்பவருக்கு 720 நிறைவான அளவு; 1080 வீண்; பேச்சும் பேட்டியும் மட்டும் பார்ப்பவருக்கு 480 போதும்.

எச்.டி.: எங்கே வேண்டும்?

43 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, அதை எட்டு அடிக்குள் உட்கார்ந்து பார்க்கும் ஹால், அந்த வீட்டில் கிரிக்கெட்டும் புதிய படங்களும் பார்ப்பவர்கள் என்றால், எச்.டி.யைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டில் வேறுபாடு மிக நன்றாகத் தெரியும். கேமரா வேகமாகத் திரும்பும்போது, மைதானத்தின் புல் முழுவதும் ஒரே நேரத்தில் நகர்கிறது, எஸ்.டி. ஒளிபரப்பின் குறைந்த பிட் வேகம் அவ்வளவு மாற்றத்தையும் தாங்காமல், புல்லைப் பச்சைக் கட்டங்களாக ஆக்கிவிடுகிறது. பந்து அந்தக் கட்டங்களுக்குள் மறைந்து, எல்லைக்கோட்டருகே மீண்டும் தோன்றுகிறது. மழைக் காட்சியிலும் பூ தூவும் பாடல் காட்சியிலும் அருவியிலும் இதே நிலைதான்.

இங்கே பிட் வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எச்.டி. என்று எழுதியிருப்பதால் மட்டும் படம் நன்றாக இருந்துவிடாது. போதிய பிட் வேகம் இல்லாமல் நெருக்கி அனுப்பப்பட்ட எச்.டி. சேனலைவிட, தாராளமாக அனுப்பப்பட்ட எஸ்.டி. கண்ணுக்கு இதமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல டிவிடியில் உள்ள படமும் எஸ்.டி.தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஒரே நிறுவனத்தின் இணைப்பில் ஒரு சேனல் பளிச்சென்றும் மற்றொன்று கலங்கியும் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதனால், பேக்கை மாற்றுவதற்கு முன், அதே இணைப்பை வைத்திருக்கும் பக்கத்து வீட்டிலோ உறவினர் வீட்டிலோ நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் சேனலைப் பத்து நிமிடம் பார்த்துவிடுங்கள். விளம்பரத்தைவிட அந்தப் பத்து நிமிடம் அதிகம் சொல்லும்.

புதிதாகப் பதிவு செய்வது எதுவானாலும் எச்.டி.யில்தான் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எச்.டி. பதிவிலிருந்து எஸ்.டி. நகலை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எஸ்.டி.யிலிருந்து எச்.டி. எடுக்க முடியாது. கைப்பேசியில் 1080 அளவில் எடுக்கும் வீடியோ, அமைப்புக்கு ஏற்ப நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 130 எம்.பி. வரை இடம் பிடிக்கும். ஐந்து மணி நேரக் கல்யாணத்தை இடைவிடாமல் எடுத்தாலும் 18 முதல் 39 ஜி.பி.தான், ஒரு பென்டிரைவுக்குள் அடங்கிவிடும். பாட்டியின் குரலையும் முகத்தையும் பதிவு செய்யும்போது இந்த இடத்தைக் கணக்குப் பார்த்துக் குறைப்பது பெருந்தவறு. பதிவு செய்ததை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுவதும் அதே அளவு தவறு. அங்கே அது சுருக்கப்பட்டுவிடுகிறது. டாக்குமென்டாக அனுப்பினால் மூலம் அப்படியே போய்ச் சேரும்.

மறைந்திருக்கும் செலவுகள்

சேனல் விலை மட்டும் செலவு அல்ல. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளின்படி, முதல் 100 எஸ்.டி. சேனல்களுக்கான இணைப்புக் கட்டணம் வரி நீங்கலாக அதிகபட்சம் 130 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் ஓர் எச்.டி. சேனல் இரண்டு எஸ்.டி. சேனல்களுக்குச் சமமாக எண்ணப்பட்டது. இணைப்புக் கட்டணத்துக்கான உச்சவரம்பை 2024 ஜூலையில் டிராய் நீக்கிவிட்டதால், இப்போது ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு விதமாக வாங்குகிறது. எனவே பேக்கின் விலையை மட்டும் கேட்காமல், இணைப்புக் கட்டணமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து கையிலிருந்து போகும் மொத்தத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். ஒரே சேனலின் எஸ்.டி., எச்.டி. வடிவங்கள் இரண்டுக்கும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோமா என்பதையும் ரசீதில் பார்த்துவிடுவது நல்லது. தனித்தனியாகச் சேனல் தேர்ந்தெடுத்தவர்களிடம் இந்த இரட்டைச் செலவைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது பெட்டி. எஸ்.டி. செட்டாப் பாக்ஸில் எச்.டி. சேனல் வராது, பெட்டியை மாற்றியாக வேண்டும். பெட்டியை மாற்றியபின் ஒயரையும் மாற்ற வேண்டும். இதில் நடக்கும் தவறை என் அக்கா வீட்டில் நேரில் பார்த்தேன். எட்டு மாதமாக எச்.டி. பேக்குக்குப் பணம் கட்டியும் படம் முன்போலவே இருக்கிறது என்று அக்கா வருத்தப்பட்டுச் சொன்னபோது, டிவியின் பின்புறம் எட்டிப் பார்த்தேன். புதிய எச்.டி. பெட்டியிலிருந்து, பழைய பெட்டிக்கு இருந்த அதே சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் டிவிக்குப் போயிருந்தது. அந்த மஞ்சள் ஒயர் வழியே எஸ்.டி. படம் மட்டுமே வரும். பெட்டியோடு வந்த எச்.டி.எம்.ஐ. ஒயர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. அதை மாட்டி, ரிமோட்டில் டிவியின் உள்ளீட்டை மாற்றி, பெட்டியின் அமைப்பில் 1080 என்று வைத்ததும், செய்தி வரியின் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. பெட்டியை மாட்ட வந்தவர் அதை அன்றே செய்திருக்கலாம். எட்டு மாதப் பணம் போனது போனதுதான்.

டிவி வாங்கும்போது ‘எச்.டி. ரெடி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 32 அங்குலத்தில் அந்தப் பெயரோடு விற்கப்படும் டிவிகளின் திரை பெரும்பாலும் 1366×768 புள்ளிகள் கொண்டது, முழு எச்.டி. சமிக்ஞையை ஏற்றுக்கொள்ளும், ஆனால் சுருக்கித்தான் காட்டும். அந்த அளவில் அது பெரிய குறை அல்ல. 40 அங்குலத்துக்கு மேல் அத்தகைய திரையை வாங்க வேண்டாம் என்பேன்.

பழைய நாடாக்கள்: எச்.டி. என்ற சொல்லை நம்ப வேண்டாத இடம்

வி.எச்.எஸ். கேசட்டில் இருக்கும் கல்யாண வீடியோவை ‘எச்.டி.யாக மாற்றித் தருகிறோம்’ என்று சில கடைகளில் சொல்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குகிறார்கள். வி.எச்.எஸ். நாடாவில் கிடைமட்டமாகப் பதிந்திருக்கும் நுணுக்கம் சுமார் 240 கோடுகள்தான், எஸ்.டி.யின் அளவைக்கூட அது எட்டுவதில்லை. என் பெற்றோரின் கல்யாண கேசட்டை ஒரு கடையில் கொடுத்தபோது, எச்.டி. என்ற பெயரில் திரும்பி வந்ததைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அகலமும் உயரமும் 4:3 விகிதத்தில் இருந்த படத்தை அகலத் திரைக்காக 16:9 ஆக இழுத்திருந்தார்கள். ஒல்லியாக இருந்த அம்மாவின் முகம் அகன்று யாரோபோல் இருந்தது. முகத்தின் சுருக்கங்களையும் மூக்குத்தியின் மினுக்கத்தையும் மென்பொருள் வழித்துச் சமமாக்கியிருந்தது. மாலை மாற்றும்போது கை அசைவில் சீப்புப் பற்களைப்போலக் கோடுகள் விழுந்தன. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிவான கோடுகளைச் சரியாக இணைக்காததால் வருவது அது. மூல கேசட்டைத் திரும்ப வாங்கி வைத்திருந்ததால் வேறோர் இடத்தில் மறுபடி செய்துகொள்ள முடிந்தது.

இந்த இடத்தில் எச்.டி.க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நல்ல பிளேயருக்கும் படத்தின் ஆட்டத்தைத் திருத்தும் கருவிக்கும் கொடுப்பதே சரி. கடைசியாக வி.சி.ஆர். எனப்படும் வீடியோ கேசட் கருவியைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இருக்கும் பிளேயர்களில் நாடாவைப் படிக்கும் தலைகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாக்களில் பூஞ்சை படர்கிறது. தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் இழப்புதான்.

கேசட்டைக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் நான்கு வேண்டுகோள்களை எழுதியே கொடுத்துவிடுங்கள். படம் 720×576 அளவில், 4:3 விகிதத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். நொடிக்கு 50 புலங்களையும் (ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளால் ஆன அரைப் படங்கள்) காப்பாற்றித் தர வேண்டும். மென்பொருளால் மெருகேற்றியது வேண்டுமென்றால் அது தனி நகலாக இருக்கட்டும். மெருகேற்றாத மூலப் பதிவு கட்டாயம் கைக்கு வர வேண்டும். மினி டி.வி. (MiniDV) எனப்படும் சிறிய கேம்கார்டர் கேசட்டாக இருந்தால், அதில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் என்பதால், மறுபடி சுருக்காமல் ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு வழியே அப்படியே எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜி.பி. ஆகும், அதற்கேற்ற ஹார்டு டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, இரண்டு இடங்களில் நகல் வைத்தபிறகும், கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.